காய்ச்சல் விடவில்லையா? திருச்சியில் தொற்றுநோய் நிபுணரைத் தேடும் வழி

"பத்து நாளாச்சு, காய்ச்சல் விட்டபாடில்லை. ரெண்டு டாக்டரைப் பாத்தாச்சு, மூணு தடவை மாத்திரையும் மாத்தியாச்சு." மழைக்காலம் வந்துவிட்டால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்தப் பேச்சு காதில் விழாத தெரு குறைவு. அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? செல்போனை எடுத்து 'அருகில் தொற்றுநோய் நிபுணர்' என்று தேடுவீர்கள். வரைபடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் வந்து நிற்கும். அதில் பொது மருத்துவர் இருப்பார், தோல் மருத்துவர் இருப்பார், ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கும், சில சமயம் மருந்துக்கடைகூட இருக்கும். நீங்கள் தேடியவர் அதில் இருக்கிறாரா என்பது மட்டும் அந்தப் புள்ளிகளை வைத்துத் தெரியாது.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தனி டாக்டர் உண்டு என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். தொற்றுநோய் மருத்துவம் நம் நாட்டில் தனிப் படிப்பாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். எம்.டி. முடித்த பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் படித்துப் பெறுவது டி.எம். தொற்றுநோய் மருத்துவம். வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில்தான் அந்தப் படிப்பு இருக்கிறது. தேசியத் தேர்வு வாரியம் தரும் எஃப்.என்.பி. என்ற பயிற்சியும் உண்டு. பெயர்ப்பலகையில் 'காய்ச்சல் சிறப்பு மருத்துவர்' என்று போட்டிருப்பது பட்டம் ஆகாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் சரிபார்க்கவும் உங்கள் போனே போதும். ஒவ்வொரு மருத்துவரும் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணையோ பெயரையோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். எந்த மாநிலக் கவுன்சிலில், எந்த ஆண்டு பதிவு செய்தவர் என்று வரும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். கூகுளில் அவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட இது மேல். நட்சத்திரம் பார்த்துக் கல்யாணம் பேசலாம், வைத்தியம் பார்க்க முடியாது.

சரி, எல்லாக் காய்ச்சலுக்கும் இந்த நிபுணர் வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான காய்ச்சலைப் பொது மருத்துவரே சரிசெய்துவிடுவார். மூன்று வாரமாகியும் காரணம் பிடிபடாத காய்ச்சல், அறுவை சிகிச்சை செய்த இடத்தில் ஆறாத தொற்று, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமி, புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்தவர்களுக்கும் வரும் தொற்று, சர்க்கரை நோயாளியின் மூக்கையும் கண்ணையும் தாக்கும் கருப்புப் பூஞ்சை ஆகியவற்றில்தான் அவருடைய கை தேவைப்படும். அவரிடம் போகும் வழியும் பொது மருத்துவர் வழியாகப் போவதே நல்லது. பரிந்துரைக் கடிதமும் பழைய பரிசோதனை முடிவுகளும் கையில் இருந்தால் நிபுணருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி.

திருச்சிக்காரர்களுக்கு அந்த வாசல் புத்தூரில் இருக்கிறது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. பொது மருத்துவம், நெஞ்சக நோய், தோல், குழந்தைகள் நலம், நுண்ணுயிரியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. ஓ.பி. சீட்டு காலையிலேயே போட்டுவிடுங்கள். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் முதல் நாளே புத்தூர் வரை அலைய வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையில் பார்த்து, தேவைப்பட்டால் அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இ-சஞ்சீவனி செயலி இருக்கிறது. செல்போன் எண், ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் அரசு மருத்துவர் வீடியோவில் பேசுவார், மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். எங்கே போவது என்று கேட்க மட்டும் என்றால் 104-ஐ அழைக்கலாம்.

சில தொற்றுகளுக்கு அரசே தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதைத் தெரியாமல் நிபுணரைத் தேடிப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? எந்த அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சளியைக் கொடுக்கலாம். காசநோய் என்று உறுதியானால் மருந்து முழுக்க இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். நிக்ஷய் உதவி எண் 1800 11 6666. எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் நம்பிக்கை மையம். ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம், விவரம் வெளியே போகாது. ரகசியம் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் புத்தூர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் பேசிப் பாருங்கள். நாய் கடித்தால் யாரையும் தேட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராகப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம்.

இனி, விடாத காய்ச்சலில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக், சரியாகவில்லை என்றதும் வேறொன்று. அதன் பிறகு ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது. கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை, பாதி மயக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். டைபாய்டைச் சரியாகக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே இந்த பிளட் கல்ச்சர்தான். அதை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். வைடல் பரிசோதனை ஒரு முறை பாசிட்டிவ் வந்ததை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அந்தக் கோடு அதற்காகத்தான் போடப்படுகிறது.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் இதற்கு நல்ல உதாரணம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர்மாதங்களிலும் அதிகம். கடித்த இடம் வலிக்காது. சிகரெட் சுட்டமாதிரி ஒரு கருப்புப் பொருக்கு மட்டும் இருக்கும், அதுவும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ இடுப்புக் கயிறு பதியும் இடத்திலோ. நோயாளியே பார்த்திருக்க மாட்டார். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரை கேட்கும். தாமதமானால் நுரையீரலையும் மூளையையும் பிடித்துவிடும். வெட்கப்படாமல் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் போனில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, தினமும் எவ்வளவு ஏறியது, எந்த மாத்திரை எந்த நாளில் சாப்பிட்டது (அட்டையைப் படம் எடுத்தாலே போதும்) என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வயலில் இறங்கினீர்களா, தேங்கிய தண்ணீரில் நடந்தீர்களா, வீட்டில் ஆடு மாடு நாய் உண்டா? நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று நேராகப் பறக்கிறோம். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கெங்கிருந்தோ உறவினர் வந்து ஸ்ரீரங்கத்து வீட்டில் தங்குகிறார்கள். கடந்த ஒரு மாதத்தில் யார் எங்கே போய்வந்தார், வீட்டுக்கு யார் வந்தார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மலேரியாவைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரி போதும், சில நேரம்.

நிபுணருக்காகக் காத்திருக்கக் கூடாத நிலையும் இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "சூடு இறங்கிடுச்சு, சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து படுத்தே கிடத்தல், இதில் ஒன்று தெரிந்தாலும் 108. எந்தக் காய்ச்சலிலும் மூச்சுத்திணறல், வலிப்பு, நினைவு தடுமாற்றம் வந்தாலும் அப்படியே. தேடுவதை நிறுத்திவிட்டு வண்டி ஏறுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் உண்டா என்று முதலில் 1800 425 3993-இல் கேட்டுவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உரிய திட்டம் இது. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து அதன் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.