மகன்களிடம் மாதவிடாய் பற்றிப் பேசுதல்

மகன்களிடம் மாதவிடாய் பற்றிப் பேசுதல் என்பது, பெண்ணுடலில் மாதந்தோறும் நிகழும் உதிரப்போக்கைப் பற்றி, வீட்டில் வளரும் ஆண்பிள்ளைகளுக்கு அவர்களின் வயதுக்கு ஏற்றபடி பெற்றோர் மறைக்காமல் விளக்குவதைக் குறிக்கும். மகளுக்கு இதைச் சொல்லித்தருவது தாயின் கடமை என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. மகனுக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் அரிது. ஆனால் சொல்லாமல் விடுவதால் அவன் எதுவும் அறியாமல் இருந்துவிடுவதில்லை. தெருவிலும் கைப்பேசியிலும் நண்பர்களின் கேலிப்பேச்சிலும் அரைகுறையாக அறிந்துகொள்கிறான். வீட்டாரின் மௌனத்திலிருந்து, இது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்பதையும் கற்றுக்கொள்கிறான்.

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு பெண் பூப்படைந்த செய்தி ஊரறியக் கொண்டாடப்படுகிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறார்கள். சிறுமியின் படத்தோடு பதாகை வைக்கிறார்கள். தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்வரிசை கொண்டுவருகிறார். சில பகுதிகளில் பச்சை ஓலையால் குடிசை கட்டுவதும் அவருடைய உரிமையாகும். இலங்கைத் தமிழரிடையே இது சாமத்தியச் சடங்கு எனப்படுகிறது.

அந்த விழாவில் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி வாசலில் நிற்கும் தம்பி, “அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் “பெரியவங்க பேச்சு, நீ போய் விளையாடு” என்பதே. ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட செய்தியின் பொருள், உடன்பிறந்தவனுக்குச் சொல்லப்படுவதில்லை. பின்னாளில் தன் அக்கா மகளுக்குச் சீர் சுமந்து வரப்போகும் தாய்மாமனும் அவன்தான்.

விலக்கிவைக்கும் வழக்கம் பழமையானது. பூப்பு என்னும் சொல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நின்ற பெண்கள் புறநானூற்றின் 299ஆம் பாடலில் உவமையாக வருகின்றனர். இவ்வளவு நெடுங்காலம் நிலைத்த வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆனால் அதன் காரணம் கேட்கும் சிறுவனுக்கு விடை சொல்ல முடியும்.

மௌனத்தின் விளைவுகள்

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது, தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைப் பகுதியில் முதல் பூப்பை அடுத்துத் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருவர், குடிசைமீது தென்னை மரம் விழுந்து உயிரிழந்தார். 2025 ஏப்ரலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மாதவிடாய் நாளில் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதிய காணொளி பரவிப் பெரும் விவாதமானது. வீட்டிலும் பள்ளியிலும் இத்தகைய முடிவுகளை எடுப்பவர்களுள் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறுவயதில் யாரும் எதையும் விளக்கியதில்லை.

மலிவுவிலை நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்க்கையும் இதற்குச் சான்றாகும். திருமணமான புதிதில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்ட பிறகே அவர் இதைப் பற்றி அறியத் தொடங்கினார். ஆராய்ச்சியில் இறங்கியபோது ஊராரின் ஏளனத்துக்கு ஆளானார். குடும்பத்தினரும் சில காலம் அவரை விட்டுப் பிரிந்திருந்தனர். ஓர் ஆண் இதைப் பற்றிப் பேசுவதே பித்து எனக் கருதப்பட்டது.

சொற்களும் அவற்றின் சுமையும்

தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, வெளியே உட்காருதல் என இதற்கு வழங்கும் சொற்கள் பலவும் ஒதுக்கிவைத்தலையே குறிக்கின்றன. பள்ளிப் பாடங்களிலும் மருத்துவமனைகளிலும் வழங்கும் சொல் மாதவிடாய். விடாய் என்பதற்குக் களைப்பு, தாகம் என்னும் பொருள்கள் உண்டு. இளையோர் ‘பீரியட்ஸ்’ என்கின்றனர். மகனிடம் பேசும்போது மாதவிடாய் அல்லது பீரியட்ஸ் என்று நேராகச் சொல்வது நல்லது. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று மாதந்தோறும் சொன்னால், தாய்க்குத் தீராத நோய் ஏதோ இருப்பதாகச் சிறுவன் அஞ்சக்கூடும். “அம்மாவைக் காக்கா தொட்டுவிட்டது” போன்ற பழைய சமாளிப்புகள் ஒரு வயதுக்குமேல் எடுபடுவதில்லை. அவை பொய் என்று தெரிந்த பிறகு, பெற்றோரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கவும் அவன் தயங்குவான்.

மகனுக்குத் தெரிய வேண்டிய உடலியல்

சிறுவனுக்கு விளக்குமுன் பெற்றோரும் சில செய்திகளைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பையும், அதன் இருபுறமும் இரு அண்டகங்களும் உள்ளன. பொதுவாக ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு கருமுட்டை வெளிப்படுகிறது. கரு தங்கினால் அதைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு தங்காதபோது அந்தப் படலம் சிதைந்து, இரத்தத்தோடு யோனி வழியாக வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். பெரும்பாலான சிறுமியர் 10 முதல் 15 வயதுக்குள் பூப்படைகின்றனர். வளர்ந்த பெண்களுக்குச் சுழற்சி 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் நாள் கணக்கு முன்பின்னாக இருப்பது இயல்பு. உதிரப்போக்கு 2 முதல் 7 நாள் நீடிக்கும். ஒரு சுழற்சியில் வெளியேறும் இரத்தம் பெரும்பாலும் 30 முதல் 80 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறிய காபி டம்ளர் அளவைவிடக் குறைவு.

புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் கருப்பைத் தசைகளைச் சுருங்கச் செய்வதால் வயிற்றுவலி உண்டாகிறது. ஆகவே அந்த வலி பாசாங்கன்று. வெந்நீர்ப் பை ஒற்றடம் பலருக்கு இதம் தரும். பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு வலியோ மிகுதியான உதிரப்போக்கோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த இரத்தம் அழுக்கன்று. உடலில் தேங்கிய கெட்ட இரத்தமுமன்று. மாதவிடாயின்போது தொட்டால் ஊறுகாய் கெடும், துளசி வாடும் என்பவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஊறுகாய் கெடுவது ஈரக்கையாலும் ஈரக் கரண்டியாலும்தான்.

எந்த வயதில் எவ்வளவு

ஒரு நாள் மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது பயன் தராது. கேள்வி எழும்போது, கேட்ட அளவுக்கு விடை சொல்வதும், வயது ஏற ஏறச் சேர்த்துச் சொல்வதும் ஏற்ற முறையாகும்.

நான்கு முதல் ஏழு வயது: இந்த வயதுப் பிள்ளைக்கு இரத்தம் என்றால் காயம். குளியலறையில் கறையையோ நாப்கினையோ பார்த்தால் முதலில் எழுவது அச்சமே. அதைப் போக்கினால் போதும். உரையாடல் இவ்வாறு அமையலாம்:

“அம்மா, இது என்ன, பாப்பாவுக்குப் போடுற டயப்பரா?”

“அது மாதிரிதான்டா கண்ணா. வளர்ந்த பொம்பளைங்களுக்கு மாசத்துல சில நாள் உடம்புல இருந்து கொஞ்சம் ரத்தம் வரும். துணியில படாம இருக்க இதை வெச்சுக்குவோம்.”

“அடிபட்டுச்சா?”

“இல்லடா, அடிபட்டு வர்ற ரத்தம் இல்ல. நாலஞ்சு நாள்ல தானா நின்னுடும்.”

பெரும்பாலான சிறுவர்கள் இதோடு நிறைவடைந்து விளையாடப் போய்விடுவார்கள். இன்னொரு நாள் வேறொரு கேள்வியோடு வருவார்கள்.

எட்டு முதல் பத்து வயது: கருப்பை, கருமுட்டை ஆகியவற்றை எளிய படம் வரைந்து விளக்கலாம். குழந்தை எங்கே வளர்கிறது என்ற கேள்வியோடு இது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். வகுப்பில் சில மாணவியர் இந்த வயதிலேயே பூப்படையக்கூடும். எனவே வீட்டில் அக்காவோ தங்கையோ பூப்படையும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பதினொன்று முதல் பதினான்கு வயது: குரல் உடைதல், மீசை அரும்புதல், தூக்கத்தில் விந்து வெளியேறுதல் எனச் சிறுவனின் உடலும் மாறும் காலம் இது. தன் மாற்றங்களைப் பற்றிய குழப்பம் அவனுக்கும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பேசினால், வளர்தல் இருபாலார்க்கும் பொதுவானது என்பது விளங்கும். உடன் படிக்கும் மாணவியின் பாவாடையில் கறை தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லித்தர வேண்டும். சிரிக்கக் கூடாது, பிறருக்குக் காட்டக் கூடாது. ஆசிரியையிடமோ அவளுடைய தோழியிடமோ மெதுவாகச் சொல்லலாம்.

பதினைந்து வயதுக்குமேல்: கடைக்குப் போய் நாப்கின் வாங்கிவருவது, வலி நாளில் அடுக்களை வேலையை ஏற்பது போன்ற நடைமுறைப் பொறுப்புகளை ஒப்படைக்கலாம். மாதவிடாய்க்கும் கருத்தரித்தலுக்கும் உள்ள தொடர்பையும் தெளிவாக விளக்க வேண்டிய வயது இது.

அன்றாட வாய்ப்புகள்

தனியாக நேரம் ஒதுக்குவதைவிட அன்றாட நிகழ்வுகளைப் பயன்படுத்துவது எளிது. தொலைக்காட்சியில் நாப்கின் விளம்பரம் வரும்போது அலைவரிசையை மாற்றாமல் இருப்பதே முதல் படி. விளம்பரங்களில் நீல நிற நீரையே நெடுங்காலம் காட்டிவந்தார்கள். “அது ஏன் நீலமா இருக்கு?” என்ற கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

மளிகைப் பட்டியலில் அரிசி, பருப்புக்குக் கீழே நாப்கினையும் எழுதி மகனிடம் கொடுக்கலாம். கடைக்காரர் அதை மட்டும் நாளிதழில் சுற்றித் தருவார். சோப்பைச் சுற்றாதவர் இதை ஏன் சுற்றுகிறார் என்று மகனே கேட்கக்கூடும்.

குப்பை போடுவது மகனின் வேலையாக இருக்கும் வீடுகளில் மற்றொரு பாடமும் உண்டு. பயன்படுத்திய நாப்கினைக் கழிப்பறையில் போடக் கூடாது. தாளில் நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் சேர்க்க வேண்டும். சுற்றாமல் எறிந்தால் தூய்மைப் பணியாளர் அதை வெறுங்கையால் தொட நேரும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. பிறருடைய உடல்நலம் பற்றிய அக்கறையே இது.

தந்தையின் பங்கு

தாய் மட்டும் பேசினால், இது பெண்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு என்ற எண்ணம் மகனிடம் எஞ்சிவிடும். தந்தை நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. “அம்மாவுக்கு இன்னைக்கு பீரியட்ஸ், வயித்து வலி. சாப்பாடு நாம ரெண்டு பேரும் பண்ணிடலாம், வாடா” என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தால் போதும். தாத்தா, மாமா, அண்ணன் ஆகியோருக்கும் இது பொருந்தும். தந்தை இல்லாத வீட்டில் தாய்மாமன் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். சீர் கொண்டுவரும் உரிமை உள்ளவருக்கு விளக்கம் சொல்லும் உரிமையும் உண்டு.

பள்ளியில்

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பற்றிய பாடம் இடம்பெற்றுள்ளது. இத்தகைய பாடங்களை “நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்” என்று கடந்துபோகும் வகுப்பறைகளும் உண்டு. அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின்கள் வழங்கப்படுகின்றன. மாணவியரை மட்டும் தனியே அழைத்து எதையோ கொடுத்தனுப்பும்போது, வகுப்பில் எஞ்சியிருக்கும் மாணவர்கள் தமக்குள் யூகித்துச் சிரிக்கின்றனர். காரணத்தை ஆசிரியர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால் யூகத்துக்கு வேலை இராது. 2014 முதல் மே 28 உலக மாதவிடாய்ச் சுகாதார நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாள் தமிழ்நாட்டில் கோடை விடுமுறையில் வருவதால், வீட்டில் பேசுவதற்கு அது ஏற்ற நாளாகும்.

கவனிக்க வேண்டியவை

வெளிப்படையாகப் பேசுவது வேறு, ஒருவரின் அந்தரங்கத்தை வெளியிடுவது வேறு. மகளின் மாதவிடாய் நாள்களை அவள் விருப்பமின்றி மகனிடம் சொல்வது முறையன்று. மகனும் தான் அறிந்ததை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லக் கூடாது. அக்காவோ தோழியோ கோபப்படும்போது “உனக்கு பீரியட்ஸா?” என்று கேட்பது அக்கறையன்று, அது கேலி என்பதையும் அவனுக்கு உணர்த்த வேண்டும்.

வீட்டில் பாட்டி தீட்டு வழக்கத்தைக் கடைப்பிடிப்பவராக இருக்கலாம். அவரை மகன் முன்னிலையில் பழிக்கத் தேவையில்லை. “பாட்டி காலத்துல அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க. டாக்டருங்க சொல்றது இது” என்று இரண்டையும் சொல்லி விளக்கலாம்.

“சின்னப் பையனிடம் இதையெல்லாம் சொன்னால் கெட்டுப்போவான்” என்பது பலருடைய தயக்கம். செரிமானத்தையும் மூச்சுவிடுதலையும் போல இதுவும் உடலின் ஒரு செயல்பாடே. தெரியாத விடையை “பார்த்துச் சொல்றேன்” என்று ஒப்புக்கொள்வதில் பெற்றோருக்கு இழுக்கில்லை. பார்த்துவிட்டு மறவாமல் வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், அடுத்த கேள்வியையும் அவன் வீட்டில்தான் கேட்பான்.