ஓர் ஆறு, இரு நாடு, ஒரு சிற்றூர்: சேன் ஜேங்கோல்ப் எல்லைச் சிற்றூரின் நிலவியலும் வரலாறும் பொருளியலும்

1. முன்னுரை

எல்லை என்பது நிலப்படத்தில் ஒரு கோடு. அக்கோடு மக்கள் வாழும் ஊரின் நடுவே விழும்போது என்ன நிகழ்கிறது என்பது புவியியலாரும் வரலாற்றாசிரியரும் பொருளியலாரும் ஒருங்கே எழுப்பும் வினாவாகும். ஜெனீவா ஏரியின் தென்கரையில் அமைந்துள்ள சேன் ஜேங்கோல்ப் என்னும் சிற்றூர் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இவ்வூரின் மேற்குப் பகுதி பிரான்சிலும் கிழக்குப் பகுதி சுவிட்சர்லாந்திலும் உள்ளன. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஊர் பிரிக்கப்பட்டு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சில முதன்மைக் கூறுகளில் அஃது இன்றும் ஒரே ஊராகவே இயங்குகின்றது. அவ்வொருமை எதனால் நிலைத்தது, இன்று எதனால் சோதனைக்கு உள்ளாகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலவியல் அமைப்பு

ஜெனீவா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 372 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் தென்கரையிலிருந்து ஆல்ப்சு மலைச்சரிவு செங்குத்தாக எழுகின்றது. பிரெஞ்சுப் பக்கத்தில் 2,221 மீட்டர் உயரமுள்ள ஓஷ் சிகரமும், சுவிஸ் பக்கத்தில் 2,172 மீட்டர் உயரமுள்ள கிரமோன் சிகரமும் ஊருக்குப் பின்னணியாக நிற்கின்றன. ஏரிக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேயே வீடுகளும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் நெருங்கி அமைந்துள்ளன. எவியான் நகரிலிருந்து ரோன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிற்குச் செல்லும் தென்கரைச் சாலை இவ்வூரின் வழியாகவே செல்கின்றது.

நொவேல் என்னும் மலையூரை ஒட்டிய உயரங்களிலிருந்து இறங்கும் மோர்ஜ் என்னும் சிற்றாறு ஊரின் நடுவே பாய்ந்து ஏரியில் கலக்கின்றது. இவ்வாறே நாட்டெல்லை. ஆற்றின் மீதுள்ள சிறு பாலத்தைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம்.

உழவுக்கு ஏற்ற சமநிலம் இங்கே மிகக் குறைவு. ஆதலின் ஊரின் செல்வம் தொன்றுதொட்டு மலைமேல் இருந்தது. காடு மரம் தந்தது. உயர்ந்த புல்வெளிகள் கோடைக்கால மேய்ச்சலுக்கு உதவின. ஏரி மீனும் படகுப் போக்குவரத்தும் தந்தது. ஆற்றின் விசை பட்டறைகளை இயக்கியது. இவற்றுள் காடும் புல்வெளியும் தனியார் உடைமையாகாமல் ஊர்ப்பொதுவாக இருந்தமை பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாததாகும்.

3. எல்லை பிறந்த வரலாறு

எல்லை தோன்றியபோது ஆற்றின் எக்கரையும் பிரான்சுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ உரியதாக இல்லை. சவாய்க் குறுநிலத்திற்கு உட்பட்டிருந்த இப்பகுதியை 1536ஆம் ஆண்டில் கிழக்கிலிருந்து வந்த வலே நாட்டினர் கைப்பற்றினர். 1569ஆம் ஆண்டில் ஏற்பட்ட தோனோன் உடன்படிக்கையின்படி, வலே நாட்டினர் எவியான் முதலிய மேற்குப் பகுதிகளைச் சவாய் அரசரிடம் திருப்பி அளித்தனர். கிழக்குப் பகுதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். இரண்டுக்கும் எல்லையாக மோர்ஜ் ஆறு குறிக்கப்பட்டது.

பின்னர் அரசுகள் பலமுறை மாறின. சவாய் 1792ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி அரசால் இணைக்கப்பட்டது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் மீண்டும் சார்தீனிய அரசின் கீழ் வந்தது. 1860ஆம் ஆண்டிலேயே நிலையாகப் பிரான்சுடன் இணைந்தது. வலே 1810 முதல் 1813 வரை பிரெஞ்சு மாவட்டமாக இருந்து, 1815ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. அக்குறுகிய காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, இரு நாடுகளும் இங்கு வந்து சேர்வதற்கு முன்னரே எல்லை இருந்தது எனலாம்.

4. பிரியாத பொதுமை

உடன்படிக்கை ஆட்சியைப் பிரித்ததேயன்றி உடைமையைப் பிரிக்கவில்லை. ஊரின் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் இரு கரையிலும் பரந்து கிடந்தன. அவை 'பூர்ஷுவாசி' என்னும் ஊர்க்குடி அமைப்பிற்கு உரியவை. மார்க்சிய நூல்களின் வழியாக நாம் அறிந்த 'பூர்ஷ்வா' வர்க்கத்தைக் குறிக்கும் சொல் அன்று இது. ஊரின் பழங்குடும்பத்தினர் வழிவழியாகப் பெறும் பொதுவுரிமையையும் அவ்வுரிமையுடையோரின் அமைப்பையும் குறிப்பதாகும். நகராட்சிகள் இரண்டாகப் பிரிந்த பின்னரும் இவ்வமைப்பு ஒன்றாகவே நீடிக்கின்றது.

சமயமும் அவ்வாறே. ஊர்க்கோயிலும் கல்லறைத் தோட்டமும் பிரெஞ்சுக் கரையில் உள்ளன. பங்கு இரு கரைக்கும் ஒன்றே. சுவிஸ் குடிமக்களும் வழிபாட்டிற்கும் இறுதிச் சடங்கிற்கும் பாலத்தைக் கடந்து வருகின்றனர். பழைய கோட்டை மாளிகையோ சுவிஸ் கரையில் உள்ளது. ஏரியில் கல் ஏற்றிச் சென்ற பெரும் பாய்மரப் படகுகளின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் அதில் இயங்குகின்றது.

இவ்வொருமை கடுஞ்சோதனைக்கு உள்ளானது இரண்டாம் உலகப் போரின்போதாகும். அடைக்கலம் தேடி வந்தோர்க்கு மோர்ஜ் ஆறு உயிர்க்கோடாயிற்று. கடந்தோருள் சிலர் ஏற்கப்பட்டனர், வேறு சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1944ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பிரெஞ்சு விடுதலைப் போராளிகள் இங்கிருந்த செருமானியக் காவலரைத் தாக்கினர். மறுநாள் செருமானியப் படையினர் பழிவாங்க வந்தனர். பிரெஞ்சுக் கரை மக்களிற் பெரும்பாலோர் பாலத்தைக் கடந்து சுவிஸ் கரையில் தஞ்சம் புகுந்தனர். எஞ்சியோருள் பங்குத் தந்தை உள்ளிட்ட அறுவர் கொல்லப்பட்டனர். வீடுகள் பல தீக்கிரையாயின. அந்நாளில் அண்டை நாடு என்பது அக்கரையிலிருந்த உறவினர் வீடாகவே இருந்தது.

5. பொருளியல்: சுங்கமும் ஊதியமும்

எல்லை பொருளியலில் இருவகையாகத் தொழிற்படுகின்றது: பொருளைத் தடுப்பது ஒன்று, விலை வேறுபாட்டை உண்டாக்குவது மற்றொன்று. முன்னதைத் தளர்த்தும் முயற்சி பழமையானது. 1829ஆம் ஆண்டில் சார்தீனிய அரசு தன் சுங்கக் கோட்டைப் பின்னுக்கு இழுத்து, சேன் ஜேங்கோல்ப் பகுதியைச் சுங்கமற்ற மண்டலமாக்கியது. பிரான்சு 1923ஆம் ஆண்டில் சுங்கச் சாவடிகளை நாட்டெல்லைக்கே கொண்டுவந்தபோது சுவிட்சர்லாந்து வழக்காடியது. 1932ஆம் ஆண்டில் அனைத்துலக நிலைநீதிமன்றம், இம்மண்டலத்தையும் உள்ளடக்கி, பிரான்சு தன் சுங்கக் கோட்டைப் பின்வாங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு சிற்றூரின் சந்தையுரிமை அனைத்துலகச் சட்ட நூல்களில் இடம்பெற்ற வரலாறு இது.

இன்று மேலோங்கி நிற்பது இரண்டாவது வகையாகும். சுவிட்சர்லாந்தின் ஊதியம் பிரான்சின் ஊதியத்தைவிட மிக உயர்ந்தது. பிரான்சில் குடியிருந்து நாள்தோறும் சுவிட்சர்லாந்தில் பணிபுரிவோர் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஜோகூர்ப் பாலத்தின் காலைநேர நெரிசலை அறிந்த நம் வாசகர்க்கு இது புதிதன்று. வரி தொடர்பாக 1983ஆம் ஆண்டில் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தம் வலே உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குப் பொருந்தும். அதன்படி இப்பணியாளர் தாம் குடியிருக்கும் நாட்டில் வரி செலுத்துகின்றனர். பணி நாட்டுக்கு, மொத்த ஊதியத்தில் 4.5 விழுக்காடு ஈடாக வழங்கப்படுகின்றது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் சுவிஸ் நடுவண் வங்கி பிராங்கின் மதிப்புக்கு விதித்திருந்த வரம்பை நீக்கியதும் பிராங்கின் மதிப்பு ஏறியது. எல்லை கடந்து உழைப்போரின் வருவாய் யூரோ கணக்கில் ஒரே நாளில் உயர்ந்தது. சுவிஸ் கடைக்காரரோ வாடிக்கையாளரை எல்லைக்கு அப்பால் இழந்தனர்.

இதன் விளைவு ஊருக்குள்ளேயே தெரிகின்றது. பிராங்கில் ஊதியம் பெறுவோர் தரக்கூடிய வாடகையை, யூரோவில் ஊதியம் பெறும் ஆசிரியரோ செவிலியரோ தர இயலாது. முன்னர் ஊரைப் பிரித்தது ஆறு; இன்று ஒரே கரையில் வாழும் அண்டை வீட்டாரையே ஊதியச் சீட்டு பிரிக்கின்றது.

6. முடிவுரை

சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு டிசம்பரில் செங்கன் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தியபின் பாலத்தில் ஆள்சோதனை பெரும்பாலும் மறைந்தது. எல்லையை மக்கள் மறக்கத் தொடங்கிய வேளையில், 2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஜூன் நடுப்பகுதி வரை பெருந்தொற்றுக் காலத்தில் அது மீண்டும் அடைபட்டது. கோயில் ஒரு கரையிலும் குடும்பம் மறுகரையிலுமாக ஊர் தவித்தது.

சேன் ஜேங்கோல்ப் நமக்குக் காட்டும் உண்மை எளியது. உடன்படிக்கைகளோ அரசுகளோ இவ்வூரின் ஒருமையைக் காக்கவில்லை. பொதுவான காடும், பொதுவான கோயிலும், பொதுவான கல்லறையுமே அதனைக் காத்தன. பணியிடமும் ஊதியமும் மட்டுமே மக்களை ஓரிடத்தில் குடியமர்த்தும் காலத்தில் அத்தகைய புதிய பொதுமைகள் உருவாகுமா என்பதே இவ்வூரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். எல்லை ஊர்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கோட்டை மட்டும் வரைந்து காட்டாமல், அக்கோட்டின் இருபுறமும் மக்கள் எவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றனர் என்பதையும் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நலம்.