கடற்கரைக்கு ஒரு பழைய பதிவேடு உண்டு

விடுமுறை நாளில் முட்டுக்காடு படகுத் துறைக்குப் போய்ப் பாருங்கள். கால் வைக்க இடமிருக்காது. கோவளம், முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் கார்கள் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்களுக்கு அறை பெருக்குவதும், புல்தரைக்குத் தண்ணீர் விடுவதும், வாசலில் காவல் நிற்பதும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துச் சேரிகளிலும் குப்பங்களிலும் இருந்து வேலைக்கு வருகிற நம் சனங்கள்தான். அவர்களின் பாட்டன் பாட்டிக்கு இந்த மண்ணோடு என்ன உறவு இருந்தது? சுற்றுலாக் கையேடுகள் அதைச் சொல்வதில்லை. நாம் பேசுவோம்.

கையேடு சொல்லும் வரலாறு இதுதான். பல்லவர்களின் மாமல்லபுரம். 1752இல் கிளைவ் கைப்பற்றிய கோவளம் கோட்டை. 1974இல் அதே கோவளத்தில் நட்சத்திர விடுதி. 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1984இல் முட்டுக்காடு படகுத் துறை. அதே ஆண்டில் மாமல்லபுரத்துக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி. 2000களின் தொடக்கத்தில் கடலோரச் சாலை சுங்கச் சாலையானது. பண்ணை வீடுகளும் கேளிக்கைப் பூங்காக்களும் பெருகின.

இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் 1752க்கும் 1974க்கும் நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காணோம். நம்முடைய கதை அங்கேதான் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் கரையோரம் மீனவர் குப்பங்கள். கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்கள். கொஞ்சம் உள்ளே வந்தால் ஏரிப் பாசன நெல் வயல்கள். அந்த வயல்களில் சேற்றில் நின்றவர்கள் படியாட்கள். உழைப்பு அவர்களுடையது, நிலம் மிராசுதாருடையது. 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு ஒரு படியாள் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதார் முன்னுரிமை கேட்டுத் தடுத்துவிடுவார். குடிசை இருக்கும் இடமும் அவர் கையில். எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும். இப்படிப்பட்ட உண்மைகளை அந்த அறிக்கை அரசின் முன் வைத்தது. நிலமில்லாதவரை இவர்களுக்கு விடிவில்லை என்பதுதான் அதன் சாரம்.

அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறோமே, அதன் பிறப்பு இந்தச் செங்கல்பட்டு மண்ணில்தான். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கு. ஒப்படையின் நிபந்தனை தெளிவானது: முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது; அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் நிலம் எப்படிப் போனது? கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் வாங்கிய கடனுக்கு ஈடாகப் போனது. படிக்கத் தெரியாதவரின் கைநாட்டில் போனது. பிறகு 'பவர்' பத்திரம் வந்தது. 1979 முதல் 1987 வரை யூடிஆர் என்ற பெயரில் நிலப் பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டபோது, பழைய பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று இருந்த குறிப்பு பல இடங்களில் புதிய பதிவேட்டுக்கு வரவேயில்லை. ஒருகாலத்தில் யாரும் சீந்தாத தரிசு அது. சாலை வந்து, சென்ட் கணக்கில் விலை பேசப்பட்டபோது, அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது மறக்கடிக்கப்பட்டது.

மறக்காதவர்களும் இருந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் அவர்களை நினைவுகூர்கிறோம். மாலை போடுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக்காக நாம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டைக் கேட்டோம். "அதெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு" என்றார்கள். விடாமல் எழுத்தில் கேட்டு, மேல்முறையீடும் செய்த பிறகு இரண்டு பக்க நகல் வந்தது. குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.' என்ற இரண்டெழுத்து அழியாமல் இருந்தது. ஊரில் அதை வாசித்துக் காட்டியபோது ஒரு முதியவர் சொன்னார்: "எங்கப்பா சொன்னப்ப யாரும் நம்பல."

மாணவத் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறோம். வீட்டுப் பெரியவர்களிடம் 'நம்ம நிலம் எங்கே இருந்தது?' என்று கேளுங்கள். வயல்வெளியின் பெயரையும் புல எண்ணையும் எழுதி வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். யூடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டு நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

கடற்கரைக்கு வந்து காற்று வாங்குகிறவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. நம் பிள்ளைகளும் முட்டுக்காட்டில் படகேறட்டும், மகிழட்டும். கரையேறித் திரும்பும்போது, மேற்கே தெரியும் நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.