நாய் வந்தாலும் அலர்ட்... திருடன் வந்தாலும் அலர்ட்! வீட்டு சிசிடிவி அசைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2021 டிசம்பரில் வேலூரையே அதிர வைத்தது தோட்டப்பாளையம் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடை கொள்ளை. சுவரில் துளை போட்டு நுழைந்த நபர், சிங்க முகமூடியோடு வந்து சிசிடிவி கேமராக்கள் மீது ஸ்பிரே அடித்தார். சுமார் 16 கிலோ நகை கொள்ளை போனது. விஷயம் தெரிந்தது காலையில் கடையைத் திறந்தபோதுதான். சில நாட்களில் ஒருவர் கைதானார். ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைக்கப்பட்டிருந்த நகைகள் மீட்கப்பட்டன.

நடந்ததைப் பதிவு செய்வது வேறு, நடக்கும்போதே எச்சரிப்பது வேறு. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் ‘மோஷன் டிடெக்‌ஷன்’.

எப்படி வேலை செய்கிறது?

கேமராவுக்குத் திருடனைத் தெரியாது, மாற்றம் மட்டும்தான் தெரியும். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்கள். ஒவ்வொரு படத்திலும் லட்சக்கணக்கான பிக்சல் புள்ளிகள் இருக்கும். முந்தைய படத்தோடு ஒப்பிடும்போது குறிப்பிட்ட அளவுக்கு மேல் புள்ளிகள் மாறியிருந்தால், அதை அசைவு என முடிவு செய்து செல்போனுக்கு அலர்ட் அனுப்பும். கொடியில் ஆடும் துணி, தெருநாய், பைக் ஹெட்லைட், இரவில் லென்ஸ் முன் பறக்கும் பூச்சி என எல்லாவற்றுக்கும் போன் அலறுவது இதனால்தான்.

வேலூர் வெயிலில் என்ன சிக்கல்?

பேட்டரி கேமராக்கள் பலவற்றில் ‘பிஐஆர்’ சென்சார் உண்டு. உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இது ஆள் நடமாட்டத்தை உணர்கிறது. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, சுவரும் கிட்டத்தட்ட உடல் சூட்டுக்கு வந்துவிடும். அப்போது சென்சார் கோட்டை விடலாம்.

என்ன செய்யலாம்?

ஆம்பூரில் கணவன், மனைவி இருவரும் ஷூ கம்பெனிக்குக் கிளம்பினால் நாள் முழுக்க வீடு பூட்டித்தான் கிடக்கும். அலர்ட் தொல்லை தாங்காமல் அதை ஆஃப் செய்துவிட்டால், கேமரா இருந்தும் புண்ணியமில்லை. அதற்குப் பதில்:

* ‘டிடெக்‌ஷன் ஸோன்’ பகுதியில் தெருவை விட்டுவிட்டு, கேட், வாசலை மட்டும் தேர்வு செய்யுங்கள்.
* மனிதர்களை மட்டும் அடையாளம் காணும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள்.
* லென்ஸை மறைத்தால் எச்சரிக்கும் ‘டேம்பர் அலர்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள்.
* பிஐஆர் சென்சார், நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். அதற்கேற்ப கேமராவை மாட்டுங்கள்.
* மின்சாரமோ வைஃபையோ போனால் பல கேமராக்களில் அலர்ட் வராது. இன்வெர்ட்டர் இணைப்பு கொடுப்பது நல்லது.

எல்லாம் முடிந்ததும், இரவில் ஒருமுறை நீங்களே வாசலில் நடந்து பாருங்கள். போன் அடிக்கவில்லை என்றால், திருடன் வந்தாலும் அடிக்காது!