ஓடும்போதே திருத்தம்

லினக்ஸ் கெர்னலில் உள்ள ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை தம் வேலையைத் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்கின்றன: சும்மா இருக்கின்றன. நெட்வொர்க் பாக்கெட்டை வாங்கும் ஃபங்ஷன், கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன், அடுத்து எந்த புராசஸின் முறை என்று முடிவுசெய்யும் ஃபங்ஷன் என்று பல பத்தாயிரம் இடங்களில், வாசலிலேயே 'நோ-ஆப்' என்ற வெற்று ஆணை உட்கார்ந்திருக்கிறது. செயலி அதைப் படிக்கும், தாண்டிப் போகும், அவ்வளவுதான்.

இந்த இடம் வேண்டுமென்றே விட்டுவைத்தது. சர்வர் திணறுகிறது, நேரம் எங்கே போகிறதென்று புரியவில்லை என்றால், நிர்வாகி ஒரு கோப்பில் ஒரு சொல்லை எழுதினால் போதும். வெற்று ஆணைகள் எல்லாம் 'பதிவு செய்பவனைக் கூப்பிடு' என்ற ஆணைகளாக மாறிவிடும். ரீபூட் தேவையில்லை. எந்த ஃபங்ஷன், எத்தனையாவது மைக்ரோசெகண்டில், யார் அழைத்து ஓடியது என்று வரிவரியாக வந்து கொட்டும். பார்த்து முடித்ததும் எல்லாம் பழையபடி வெற்று ஆணைகளாகிவிடும். எஃப்ட்ரேஸ் என்று இதற்குப் பெயர். ஸ்டீவன் ரோஸ்டெட் முன்னின்று எழுதியது. 2008 அக்டோபரில் வந்த 2.6.27 கெர்னலில் சேர்ந்தது.

கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் இருப்பதால், வேறொரு செயலிக்குக் கம்பைல் செய்தால் அங்கேயும் ஓடிவிடும். எஃப்ட்ரேஸின் மையப்பகுதிக்கு அந்த வசதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எந்திர ஆணைகளையே அழித்து எழுதுவதுதான் அதன் தொழில். ஆகவே ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் அதைக் கையால் எழுத வேண்டும். அப்படி எழுத உட்காரும்போதுதான் பழைய செயலி கேட்காமலே என்னென்ன செய்து கொடுத்துக்கொண்டிருந்தது என்பது தெரியவரும்.

பிறந்த வீடான எக்ஸ்86 செயலிகளிலேயே இந்த வேலை சுலபமாக இருக்கவில்லை. 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள் சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் திடீரென்று செத்துப்போயின. கார்டின் உள்ளே, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் யாரோ குப்பையை எழுதியிருந்தார்கள். முதலில் கார்டின் டிரைவர் மீதுதான் சந்தேகம். கடைசியில் அகப்பட்டது எஃப்ட்ரேஸ். அப்போது அது, கம்பைலர் வாசலில் வைத்த அழைப்பு ஆணைகள் இருக்கும் முகவரிகளை ஓட்டத்தின்போது குறித்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மொத்தமாக வெற்று ஆணைகளாக மாற்றும். அந்த இடைவெளியில் ஒரு மாட்யூலின் தொடக்க நிரல் வேலை முடிந்து விடுவிக்கப்பட, அதே முகவரி நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

எஃப்ட்ரேஸும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. 'பழைய ஆணை அங்கே இருந்தால் மட்டும் மாற்று' என்று ஒப்பிட்டு எழுதும் ஆணையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86-இல் அந்த ஆணை, ஒப்பீடு தோற்றாலும் படித்ததையே திருப்பி ஒரு முறை எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. சாதனத்தின் நினைவகத்தில் அதுவே ஒரு கட்டளை. 2.6.27.1-இல் இந்த மாறும் வசதியை முடக்கினார்கள். அடுத்த பதிப்பிலிருந்து முகவரிகளைக் கம்பைல் செய்யும்போதே பட்டியலிட்டு, பூட் ஆகும்போதே மாற்றிவிடும் முறை வந்தது.

இன்னொரு தொல்லை, எக்ஸ்86-இல் அழைப்பு ஆணைக்கு ஐந்து பைட் வேண்டும் என்பது. 232 என்ற பைட், அதன்பின் நான்கு பைட்டில் தூரம். பாதி எழுதிய நிலையில் செயலியின் வேறொரு கோர் அங்கே வந்துவிட்டால் அரைகுறை ஆணையை ஓட்டும். அதனால் முதல் பைட்டில் 204-ஐ எழுதுகிறார்கள், அது பிரேக்பாயின்ட். அந்நேரம் வரும் கோர் தடுக்கி, கெர்னலின் கையில் விழுந்து, ஐந்து பைட்டைத் தாண்டி அனுப்பப்படும். பிறகு மற்ற நான்கு பைட். கடைசியாக 204-ஐ எடுத்துவிட்டு 232.

64 பிட் ஆர்ம் செயலிகளில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா ஆணையும் நான்கே பைட், நான்கின் மடங்கான முகவரியில். ஒரே எழுத்தில் முழு ஆணையும் மாறிவிடும். நோ-ஆப்பை அழைப்பாக மாற்றும்போது வேறு கோர் அதே இடத்தில் ஓடினாலும் பழையதோ புதியதோதான் கிடைக்கும் என்று ஆர்மின் வரையறையே உறுதி தருகிறது. ஆனால் எக்ஸ்86 தானாகச் செய்த ஒன்றை இங்கே நாமே செய்ய வேண்டும். எழுதியது டேட்டா கேஷில் நிற்கும். ஆணைகளைப் படிக்கும் கேஷுக்குத் தகவல் போகாது. முன்னதை வெளியே தள்ளி, பின்னதைக் காலிசெய்து, எல்லோரும் பார்த்தாயிற்று என்று உறுதி செய்த பிறகே நகர வேண்டும்.

அதைவிட நுட்பமானது, திரும்பிப் போகும் முகவரி. எக்ஸ்86-இல் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் திரும்பும் முகவரி ஸ்டாக்கில் போய் உட்காரும். அதன்மேல் இன்னொரு அழைப்பு வந்தாலும் கீழே உள்ளது பத்திரம். ஆர்மில் அது எக்ஸ்30 என்ற ஒரே ரெஜிஸ்டரில் இருக்கும். ஃபங்ஷனின் வாசலிலேயே எஃப்ட்ரேஸை அழைத்தால், அந்த அழைப்பு எக்ஸ்30-ஐ அழித்துவிடும். ஃபங்ஷன் முடிந்ததும் வீட்டுக்கு வழி தெரியாது. அதனால் வாசலில் ஒன்றுக்கு இரண்டு நோ-ஆப்களை விட ஏற்பாடு செய்தார்கள். அதற்கான வசதி 2018-இல் ஜிசிசி 8-இல் வந்தது. ஆர்ம் கெர்னல் அதை 2020-இல் 5.5 பதிப்பில் எடுத்துக்கொண்டது. முதல் நோ-ஆப், பூட் ஆகும்போதே 'எக்ஸ்30-ஐ எக்ஸ்9-இல் நகலெடு' என்று மாறி அப்படியே நிலைத்துவிடும். ட்ரேஸ் செய்யும்போது மாறுவது இரண்டாவது மட்டும். எக்ஸ்9 தற்காலிக ரெஜிஸ்டர், வாசலில் அதை யாரும் நம்பியிருப்பதில்லை. பார்க்கச் சின்ன விஷயம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரிஸ்க்-ஃபைவில் (சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இந்தக் குடும்பமே) சிக்கல் வேறு உருவில் வந்தது. அங்கே ஒற்றைத் தாவல் ஆணை இரு பக்கமும் ஒரு மெகாபைட் தூரம்தான் எட்டும். கெர்னல் அதைவிடப் பெரியது. எனவே அழைப்புக்கு இரண்டு ஆணைகள். முதலாவது முகவரியின் மேல்பகுதியை ஒரு ரெஜிஸ்டரில் வைக்கும், இரண்டாவது கீழ்ப்பகுதியைக் கூட்டிக்கொண்டு தாவும். இரண்டையும் ஒரே எழுத்தில் மாற்ற முடியாது. எல்லா கோர்களையும் நிறுத்திவிட்டு மாற்றினாலும் தப்பில்லாமல் போகாது. ஒரு டாஸ்க் முதல் நோ-ஆப்பைத் தாண்டியதும் ஓரங்கட்டப்பட்டிருக்கலாம். அது திரும்பி வருவதற்குள் இரண்டு ஆணைகளும் மாறிவிட்டால், முதலாவதை ஓட்டாமலே இரண்டாவதை ஓட்டும். எஸ்டிடி கோடு போடாமல் மீதி எண்ணை மட்டும் சுழற்றிய கதைதான். எந்த வீட்டில் மணி அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கான தீர்வு 2025-இல்தான் கெர்னலில் சேர்ந்தது. முதல் ஆணையைப் பூட் ஆகும்போதே எழுதி நிரந்தரமாக்கிவிட்டு, இரண்டாவதை மட்டும் மாற்றுவது. ஆர்ம் செய்த அதே யுக்தி. ஆனால் மாறும் ஆணையிடம் இருப்பது 12 பிட்தான். ஏற்கெனவே குறித்த இடத்திலிருந்து இரண்டு கிலோபைட் சுற்றளவுக்குள்தான் தாவ முடியும். ஆகவே எல்லா ஃபங்ஷன்களும் ஒரே பொதுவாசலில் வந்து விழுகின்றன. அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதை, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சற்று முன்னால் வைத்த ஒரு பாயின்டரைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். ரிஸ்க்-ஃபைவில் இரண்டு பைட் ஆணைகளும் உண்டு என்பதால், ஃபங்ஷன்கள் நான்கின் மடங்கான முகவரியில் தொடங்கும்படி கம்பைலரையும் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. ஆணைக் கேஷைப் புதுப்பிக்கும் உத்தரவு அதைப் போட்ட கோரை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்ற கோர்களுக்கு ஆளுக்கொரு இன்டர்ரப்ட் அனுப்பித்தான் சொல்ல முடியும்.

சீனாவின் லூங்ஆர்ச் செயலிகள் 2022-இல்தான் லினக்ஸில் சேர்ந்தன. அங்கேயும் திரும்பும் முகவரி ரெஜிஸ்டரில்தான் இருக்கிறது, ஆணைகளும் நான்கு பைட்தான். அதற்கு எஃப்ட்ரேஸ் எழுதியவர்கள் வாசலில் இரண்டு நோ-ஆப்களை விட்டு, முதலாவதில் அந்த முகவரியை நகலெடுத்து, இரண்டாவதை அழைப்பாக்கினார்கள்.