திருகோணமலையிலிருந்து புறப்பட்ட 'வம்பயர்': எட்டு அவுஸ்திரேலியர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் போகிறவர்கள் உப்புவெளியில் ஒரு மயானத்தைக் கடந்து போவார்கள். வெட்டிய புல், ஒழுங்கான வரிசைகள், ஒரே அளவான நினைவுக் கற்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த பல நாட்டுப் படையினர் புதைக்கப்பட்ட பொதுநலவாய யுத்த மயானம் அது. நம் ஊரில் முப்பது வருடங்கள் போர் நடந்தபோதும், அதற்குப் பிறகும் அந்தக் கற்களைத் துடைத்து வைக்க ஆள் இருந்தது.

அந்தப் போரில் திருகோணமலையிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத எட்டு அவுஸ்திரேலியர்களின் கதை இது. ஒருவர் கப்பலின் கட்டளை அதிகாரி. மற்ற ஏழு பேரும் சாதாரண கடற்படையாட்கள். அவர்கள் கடலோடு போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கள் போகவில்லை. அது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

பழைய கப்பல், நீண்ட பயணம்

அவர்கள் வேலை செய்த 'வம்பயர்' நாசகாரிக் கப்பல் 1917இல் பிரித்தானியாவில் கட்டப்பட்டது. 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்கு வந்தது. 1939இல் போர் தொடங்கியதும் அதேபோன்ற வேறு நான்கு பழைய கப்பல்களுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அவற்றைப் பழைய இரும்பு என்று ஜேர்மன் பிரசாரம் ஏளனம் செய்தது. கேலியை அந்த ஆட்களே பட்டப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். இயந்திர அறையின் வெக்கையில் நின்றவர், சமிக்ஞை விளக்குப் பிடித்தவர், சமையல் செய்தவர் என்று நூறுக்கு மேற்பட்டோர் அந்த ஒடுங்கிய கப்பலில் மாதக்கணக்காக வாழ்ந்தார்கள். கிரேக்கத்திலிருந்து பின்வாங்கிய படைகளை ஏற்றியதிலும் வம்பயருக்குப் பங்கு உண்டு.

1941 டிசம்பர் 10ஆம் திகதி மலாயாக் கரைக்கு அப்பால் 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. துணைக்குப் போயிருந்த வம்பயர் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தது. நான்கு மாதம் கழியும் முன்னரே வம்பயரின் ஆட்கள் தாங்களும் அப்படித் தூக்கி எடுக்கப்பட வேண்டியவர்களானார்கள்.

1942 ஏப்ரல் 9

சிங்கப்பூர் பெப்ரவரியில் வீழ்ந்ததும் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு மிஞ்சிய பெரிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. மத்திய கிழக்கிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியத் தரைப்படையின் இரு பிரிகேட்டுகளும் இலங்கையைக் காக்கவென்று மார்ச் மாதம் இங்கே இறக்கப்பட்டன. ஜூலை வரை அவை தீவில் நின்றன.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். அடுத்தது திருகோணமலை என்ற எச்சரிக்கை கிடைத்ததும், துறைமுகத்தில் அகப்படாமல் இருக்க விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' 8ஆம் திகதி இரவோடு வெளியேறித் தெற்கே போனது. அதற்குத் துணையாகப் போனது வம்பயர்.

மறுநாள் காலை திருகோணமலைமீது குண்டுகள் விழுந்தன. சீனக்குடா விமானத்தளமும் கப்பல்துறையும் தாக்கப்பட்டன. ஜப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின் மீது விழுந்து வெடித்தது. துறைமுகத்தில் எரிந்த 'சகாயிங்' கப்பலின் எச்சத்தை இலங்கைக் கடற்படை 2018இல்தான் மேலே எடுத்தது.

அதே காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸை ஒரு வேவு விமானம் கண்டுவிட்டது. கப்பல்கள் திருகோணமலைக்குத் திரும்பும்படி பணிக்கப்பட்டன. ஹேர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. பத்தரை மணிக்குப் பிறகு குண்டுவீச்சு தொடங்கியது. ஹேர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அடுத்து வம்பயர் இரண்டாகப் பிளந்தது. கட்டளை அதிகாரி மோரனும் ஏழு பேரும் அதில் இறந்தார்கள்.

மிதந்துகொண்டிருந்த ஏறக்குறைய 600 பேரை 'விட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அந்தக் கப்பலை விமானங்கள் தாக்கவில்லை. வைத்தியசாலைகள் மீதும் எறிகணை விழுந்த போரைக் கண்ட நமக்கு, இந்த ஒரு செய்தி தனியாகத் தெரியும்.

ஒரு பெயர் எப்படிக் காப்பாற்றப்படுகிறது?

கடலில் இறந்த எட்டுப் பேருக்கும் கல்லறை கிடையாது. ஆனாலும் அவர்களுடைய பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதப்பட்டுள்ளன.

முதலாவது, சேவைப் பதிவேடு. அவுஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை இருந்தது. பிறந்த திகதி, பிறந்த ஊர், நெருங்கிய உறவினர், உயரம், கண்ணின் நிறம், வேலை செய்த கப்பல்கள் எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பதிவுகள் அந்த நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பேரப்பிள்ளை கேட்டாலும் பார்க்கலாம், முன்பின் தெரியாதவர் கேட்டாலும் பார்க்கலாம்.

இரண்டாவது, கன்பராவிலுள்ள போர் நினைவகம். போர்களில் இறந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர்களின் பெயர்கள் அங்கே வெண்கலப் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. பதவி எழுதப்படவில்லை. கப்பலின் அதிகாரிக்கும் அடுப்படியில் நின்றவருக்கும் ஒரே அளவு எழுத்து. உறவினர் வந்து பெயருக்குப் பக்கத்தில் செந்நிறப் பொப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது, பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழு. 1917இல் தொடங்கிய அந்த அமைப்பு, உடல் கிடைத்தவருக்குக் கல்லும் கிடைக்காதவருக்கு நினைவுச்சுவரில் பெயரும் வைக்கிறது. கடலில் இறந்த அவுஸ்திரேலியக் கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் பிளிமத் நினைவுத்தூபியில் உள்ளன. உப்புவெளி மயானத்தைப் பராமரிப்பதும் இதே ஆணைக்குழுதான்.

எல்லோருக்கும் சமமாக இருந்ததா?

இல்லை. பதவி, இனம், மதம் பாராமல் நினைவுகூர்வோம் என்பது அந்த ஆணைக்குழுவின் கொள்கை. ஆனால் முதலாம் உலகப் போரில் பேரரசுக்காக இறந்த ஆபிரிக்கர், ஆசியர் பலர் வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அது 2021இல் தானே அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சில இடங்களில் எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. நூறு வருடம் கழித்தாவது அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது, ஓரளவு பதிவுகள் மிஞ்சியிருந்ததால்.

நமது நிலை நமக்குத் தெரியும். கோப்பாய் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படை முகாம் எழுந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வீதியோரத்தில் இருந்து கேட்டும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டே இறந்துபோன தாய் தந்தையரும் உண்டு. பெயர் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் பெயர்களும், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களின் பெயர்களும் உலகத்துக்கே தெரியும். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் பெயரும் திகதியும் இல்லாத இடத்தில் வழக்கே தொடங்க முடியாது.

வம்பயர் மாலுமியின் அட்டையில் இருக்கும் விபரங்கள் அரசாங்கம்தான் எழுத வேண்டியவை என்றில்லை. முழுப் பெயர், பிறந்த திகதி, ஊர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், நாள், கண்டவர் யார், உடம்பிலிருந்த அடையாளம். ஒரு கொப்பித் தாளில் இவ்வளவையும் எழுதலாம். படமிருந்தால் அதைப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வெளியூரிலுள்ள உறவினரிடமும் வைக்கலாம். போர் முடிந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். ஞாபகம் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மம்மாவிடம் கேட்டு எழுத வேண்டியதை இந்த வருடமே எழுதிவிடுவது நல்லது.