துரை தந்த போத்தல்: பழஞ் சாம்பேனின் ஆயுள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் எஞ்சியிருந்த ஆங்கிலத் துரைமாரின் காலம், 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தோடும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தோடும் முடிவெய்தியது. நாடு திரும்பும் துரை ஒருவர், பங்களாவில் தமக்கு நெடுங்காலம் சமைத்துப் போட்ட அப்புவுக்குப் பிரிவுப் பரிசாக ஒரு சாம்பேன் போத்தலை வழங்கினார் எனக் கொள்க. அப்பு அதனைத் திறவாது போற்றி வைத்தார். அவர் மறைந்தபின் அது மகனுக்கும், பின்னர்ப் பேரனுக்கும் உரியதாயிற்று. பேரனுக்கு ஐயங்கள் இரண்டு. அஃது இன்றும் பருகத் தக்கதோ? விற்றால், ஒழுகும் லயக் கூரையை மாற்றுதற்கேற்ற பணம் கிடைக்குமோ?

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் கல்லூரியின் மலரில் இவ்வினா இடம் பெறலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். குடித்தல் வேறு, குடிக்கப்படும் பொருளின் இயல்பை ஆராய்தல் வேறு. சங்கச் சான்றோரும் இப்பொருளை ஒதுக்கினாரல்லர். யவனர் கொணர்ந்த தேறலை அருந்தி இன்புற்று வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகின்றார். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் உடைவுகளும் கிடைத்தன. நாட்டுத் தேறலை மூங்கிற் குழாயில் இட்டும் நிலத்திற் புதைத்தும் முதிரவைத்த செய்தியும் புறநானூற்றில் உண்டு. நிலத்துக்கடியில் வெயிலும் இல்லை, ஒளியும் இல்லை. பேரனின் முதல் ஐயத்துக்கு விடை காணும் வழி இதுவே.

சாம்பேன் என்பது பிரான்சு நாட்டின் சாம்பேன் மாநிலத்தில் ஆக்கப்படும் திராட்சை மது. ஏனைய மதுவினின்று அதனை வேறுபடுத்துவது, போத்தலுக்குள்ளேயே நிகழும் இரண்டாம் நொதித்தலாகும். சர்க்கரையும் மதுவமும் சேர்த்து மூடிய போத்தலில் பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி மதுவிலே கரைந்து நிற்கும். அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு. தடித்த கண்ணாடியும் தக்கையைக் கட்டிய கம்பியும் இதன்பொருட்டே. ஆயினும் தக்கை முற்றும் அடைக்கும் பொருளன்று. உள்ளிருக்கும் வாயு மெல்ல வெளியேறும். வெளியிலுள்ள ஒட்சிசன் மெல்ல உட்புகும். இவ்விரண்டும் எவ்வளவு விரைவில் நிகழ்கின்றன என்பதே போத்தலின் ஆயுளை வரையறுக்கும்.

2010ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளின் அருகே, போல்டிக்குக் கடலில் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றிலிருந்து 168 சாம்பேன் போத்தல்கள் எடுக்கப்பட்டன. வேவ் கிளிக்கோ, எயிட்சீக்கு, சூக்ளார் என்னும் நிறுவனங்களின் ஆக்கம் அவை. வயது ஏறத்தாழ 170 ஆண்டு. பிரெஞ்சு வேதியியலறிஞர் பிலிப்பு சாண்டே முதலியோர் அவற்றை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். போத்தலைத் திறந்ததும் நனைந்த மயிரின் நாற்றமும் பாற்கட்டி நாற்றமும் எழுந்தன. கிண்ணத்திலே சுழற்றிக் காற்றுப்பட வைத்தபின், புகையும் தோலும் பூவும் பழமும் கலந்த மணம் தோன்றிற்று. நாவிற் சிறு குறுகுறுப்பும் எஞ்சியிருந்தது. இலீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரை இருந்தது. இக்காலத்துப் 'புரூட்' வகையில் 12 கிராமுக்கு மேல் இராது. சர்க்கரை காக்கும் என்பதைச் சபரகமுவ மக்களுக்கு உரைக்க வேண்டுவதில்லை. காலையில் இறக்கிய கித்துள் நீர் மாலைக்குள் புளித்துவிட, அதனையே காய்ச்சிய பாணி பல மாதம் கெடாதிருப்பதை அவர்கள் நாளும் காண்பவர்.

ஆனால் சர்க்கரையினும் மிகக் காத்தது கடலே. அங்கு இருள், வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியசு, 50 மீற்றர் ஆழத்து நீரின் அமுக்கமும் போத்தலின் உள்ளமுக்கத்துக்கு ஏறக்குறைய ஈடாக நின்றமையால் வாயு வெளியேற முனைப்பில்லை. இரத்தினபுரியிலோ சராசரி வெப்பநிலை 27 பாகையளவு. வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் வேதித் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஒரு பருமட்டான விதி. அவ்விதிப்படி கணித்தால், போல்டிக்குக் கடலடியில் 170 ஆண்டில் நிகழ்ந்த முதுமை இரத்தினபுரி அலுமாரியில் 35 ஆண்டிலேயே நிகழ்ந்து முடியும். வெப்பம் மிகுந்தால் உள்ளமுக்கமும் மிகுந்து, வாயு விரைந்து கசியும். அப்புவின் போத்தலோ அந்த வெக்கையில் 50 ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டது.

திறவாமலே சில அடையாளங்களைக் காணலாம். வெளிச்சத்துக்கெதிரே பிடித்தால் மது இளமஞ்சளாகவோ பொன்னிறமாகவோ தோன்றுமாயின் சிறிது நம்பிக்கை கொள்ளலாம். தேயிலைச் சாயம் போற் கபிலமாயின் ஒட்சிசன் தன் வேலையை முடித்துவிட்டது. கழுத்தில் நிற்க வேண்டிய மட்டம் தோள்வரை இறங்கியிருப்பின் தக்கை சோர்ந்துவிட்டது. முகப்புச் சீட்டில் அறுவடை ஆண்டு குறிக்கப்படாதிருந்தால், அது பல ஆண்டு மதுக்களைக் கலந்து, விரைவிற் பருகுதற்கென ஆக்கிய வகை. துரைமார் விருந்துக்கு வாங்கியவற்றில் இவ்வகையே மிகுதியாய் இருந்திருத்தல் கூடும்.

கெட்ட சாம்பேன் நஞ்சாகுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. அதன் புளிப்பும் நூற்றுக்கு 12 அளவான அற்ககோலும் நோய்க்கிருமிகளை வளரவிடா. நாவுக்கு ஒவ்வாது என்பதே குறை. பழைய மதுப்போத்தல்கள் பலவற்றின் வாய்த்தகட்டில் ஈயம் இருந்தமையால், வாயை ஈரத்துணியால் நன்கு துடைத்த பின்னரே வார்த்தல் வேண்டும்.

இனி இரண்டாம் ஐயம். போல்டிக்குப் போத்தல்களுள் ஒன்று 2011இல் 30,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. இச்செய்தி பல வீடுகளில் வீண் ஆசையை எழுப்பியிருக்கும். பழைய மதுவை வாங்குவோர் முதலிற் கேட்பது, எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டது என்பதையே. வெப்ப நாட்டு அலுமாரி என்றதும் பெரும்பாலார் விலகுவர். மழை நாட்டுப் பூஞ்சணம் முகப்புச் சீட்டையும் அரித்திருந்தால் எஞ்சியோரும் விலகுவர். கூரைக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

திறந்து பார்க்கவே பேரன் விரும்பினால், சில மணி நேரம் குளிரவைத்து, தக்கையைத் துணியால் மூடிப் பிடித்து, முகத்தை விலக்கி மெல்லத் திருகுக. ஓசையேதுமின்றித் தக்கை சுருங்கிய முளை போல் வெளிவந்தால், உள்ளிருப்பது நுரையற்ற பழுப்பு மது. அதனையும் ஒரு மிடறு சுவைத்துப் பார்க்கலாம். அப்பு ஒருபோதும் செய்யாத செயல் அது.